பெரியம்மாவும் பப்பாளியும்

1964-ல் நந்தனம் வீட்டில் என் பெரியம்மாவுக்கு மூணாம் மாசமே கரு கலைந்துவிட்டது. மாமியார் கேட்ட முதல் கேள்வி, "பப்பாளி ஏதாவது தின்னியா?" கடைசி வரைக்கும் பெரியம்மா பப்பாளியைத் தொடவே இல்லை.

கொடுமை என்னன்னா, பதில் அப்பவே கிடைக்க ஆரம்பித்திருந்தது. மனித செல்லில் 48 குரோமோசோம் என்றுதான் முப்பது வருஷத்துக்கு மேல் நம்பினார்கள். ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ, ஸ்வீடனில் ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து, 46தான் என்று 1956-ல் காட்டினார். அவர்கள் எண்ணியது, கருக்கலைப்பில் கிடைத்த கருக்களின் நுரையீரல் செல்களில். 1961-ல் லண்டனில் பென்ரோஸும் டெலாண்டியும் ஒரு சிதைந்த கருவில் 69 இருப்பதைப் பார்த்தார்கள். முழு செட் ஒன்று அதிகம். 1963-ல் கனடாவில் டேவிட் கார், தானாகக் கலைந்த கருக்களை வரிசையாகச் சோதித்து, இது அபூர்வமில்லை என்றார்.

இன்று தெரிவது இதுதாங்க: முதல் மூணு மாசத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே எண்ணிக்கை பிசகிவிடுகிறது. தாயின் வயது ஏற ஏற இது கூடும். அதற்கப்புறம் என்ன சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்தக் கணக்கு மாறாது.

பெரியம்மா இப்போ இல்லை. உங்க வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீங்க.