ஏடும் குரலும்: தமிழ் இணைய ஆவணகங்கள் மென்பொருள் தேர்ந்த வரலாறு

1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்வித்து, ஒவ்வொரு நூலையும் தனித்தனிக் கோப்பாக இணையத்தில் ஏற்றியது. உள்ளடக்க மேலாண்மை அமைப்பு, அதாவது எழுத்தையும் படத்தையும் தரவுத்தளத்தில் சேமித்துவைத்து, நிரல் அறியாதவரும் அவற்றைச் சேர்க்கவும் திருத்தவும் வகைப்படுத்தவும் வழிசெய்யும் மென்பொருள், அக்காலத்தில் தமிழ்த் தன்னார்வலர்களுக்கு எட்டும் பொருளாக இருக்கவில்லை. எனவே எழுத்துக் குறியாக்கம் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறியபோது, அதுவரை ஏற்றிய கோப்புகளையே மாற்றியமைக்க வேண்டிய பெரும்பணி அவர்கள் தோளில் விழுந்தது.

2001-இல் ட்ரூபலும், 2002-இல் விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்டுப் பின்னர் மீடியாவிக்கி எனப் பெயர் பெற்ற நிரலும், 2003-இல் வேர்ட்பிரஸும் கட்டற்ற மென்பொருள்களாக வெளிவந்தபின் இந்நிலை மாறியது. நாள்வரிசையில் அமையும் வலைப்பதிவுகளுக்காகப் பிறந்தது வேர்ட்பிரஸ். பலர் ஒரே பக்கத்தைத் திருத்துவதற்கும், பழைய வடிவங்களை அழியாமல் காப்பதற்கும் வகுக்கப்பட்டது மீடியாவிக்கி. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியதும், பகுப்பு, வார்ப்புரு போன்ற விக்கிச் சொற்களில் பழகிய தமிழ்த் தொண்டர் குழுவொன்றும் அதனுடன் வளர்ந்தது.

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்ட இழப்பை உணர்ந்த ஈழத்தவர், 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டத்துக்கு மீடியாவிக்கியை அடித்தளமாகக் கொண்டது பொருத்தமான தேர்வாகும். அத்தளத்தில் ஒரு நூலின் பக்கத்தைத் திறந்தால், நூலக எண், ஆசிரியர், மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்னும் விவரங்கள் ஒரே வார்ப்புருவில் வரிசையாக நிற்பதையும், அவற்றின் கீழ் மின்வடிவத்துக்கான இணைப்பும் பல நூல்களுக்கு உள்ளடக்கப் பட்டியலும் இடம்பெறுவதையும் காணலாம். கலைக்களஞ்சியம் எழுதப் பிறந்த மென்பொருள் இவ்வாறு நூலக அட்டவணையாயிற்று.

ஆயினும் ஒலிப்பதிவு, ஒளிப்படம், காணொளி, ஓலைச்சுவடி ஆகியவை பெருகியபோது, பக்கத்தை அலகாகக் கொள்ளும் விக்கி போதவில்லை. நூலகம் நிறுவனம் பல்லூடக ஆவணகமான ‘ஆவணகம்’ தளத்தை ஐலண்டோராவில் அமைத்தது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் உருவான இம்மென்பொருள், முகப்பில் ட்ரூபலையும் பின்னணியில் ஃபெடோரா என்னும் களஞ்சியத்தையும் இணைப்பது. மூலக்கோப்பையும், அதை யார், எப்போது, எங்கே பதிவுசெய்தனர் என்று கூறும் மேனிலைத் தரவையும் ஒரே பொருளாகக் காப்பது. நிறுவவும் பேணவும் விக்கியைவிடக் கடினமானது என்பது இதன் குறை. அந்தக் கடினம் ஏற்கத்தக்கதே.

திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் நெல்லிவாசல்நாட்டுக்கு இவ்வரலாறு நேரடியாகப் பயன்படும். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே, முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறினர் என்னும் மரபுவழிச் செய்தி வாய்மொழியாகவே வழங்கிவருகிறது. பாட்டும் சடங்கும் நெஞ்சிலும் நாவிலும் வாழ்பவை. ஜவ்வாது மலைப்பகுதியின் நடுகற்களோ, படமும் இடக்குறிப்பும் வாசிப்பும் ஒருங்கே வேண்டுபவை. இவற்றை வலைப்பதிவு வார்ப்பில் நாள்வரிசையாக அடுக்கினால், பாடியவரின் குரலும் பாட்டின் சூழலும் பிரிந்துபோகும். நெல்லிவாசல்நாட்டுக்குத் தளம் அமைக்க முன்வருவோர், எளிதில் கிடைக்கும் மென்பொருளைப் பற்றிக்கொள்ளாமல், காக்கவேண்டியவை எவை என அம்மக்களோடு அமர்ந்து முதலில் பட்டியலிட வேண்டும். ஒலியின் மூலக்கோப்பையும் அதன் விவரங்களையும் சேர்த்துக் காப்பதும், வேண்டும்போது அனைத்தையும் வேறோர் அமைப்புக்கு முழுமையாக எடுத்துச்செல்ல விடுவதுமான மென்பொருளையே அவர்கள் தேர்ந்துகொள்ள வேண்டும்.