தூத்துக்குடி வழக்கறிஞர் அலுவலகங்களில் தலைமுறைகளும் தலைமையும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

தூத்துக்குடியில் வழக்கறிஞர் அலுவலகம் என்பது பெரும்பாலும் ஒரு சீனியரின் பெயரால் அறியப்படும் 'வக்கீல் ஆபீஸ்'தான். அறுபதைக் கடந்த சீனியர், நாற்பதை ஒட்டிய வழக்கறிஞர், அண்மையில் பதிவு செய்த ஜூனியர், இவர்களோடு பழைய வழக்குக் கட்டுகளின் இருப்பிடம் அறிந்த குமாஸ்தா. உப்பளக் குத்தகை, தோணி உரிமை, பாகப்பிரிவினை, துறைமுகச் சரக்குத் தகராறு எல்லாம் ஒரே மேசைக்கு வருகின்றன. இங்கே வயது மூப்பை மட்டும் வைத்து வேலையைப் பங்கிட முடியாது. வழக்கு எந்தக் காலத்துச் சட்டத்தில் நிற்கிறதோ, அதை அறிந்தவர் கையில் அது இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. ஒட்டப்பிடாரத்துத் தந்தையும் மகனும்

இக்கரையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் வ.உ. சிதம்பரனார் (1872–1936) ஒரு வழக்கறிஞரின் மகன். தந்தை உலகநாத பிள்ளை தொழில் செய்த ஒட்டப்பிடாரத்திலேயே மகனும் தொடங்கினார். தந்தையின் கட்சிக்காரர்கள் வசதி படைத்தவர்கள். மகனோ ஏழைகளுக்காக, சில வேளை கட்டணம் வாங்காமலே, குற்ற வழக்குகளை நடத்தினார். காவல்துறையின் பகை வளர்ந்தது. 1900-இல் தந்தை அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார்.

இதை மகனை ஒதுக்கிய செயலாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தன் நிழலில் அடங்காதவனுக்குத் தனிக் களம் கொடுத்த முடிவு அது. அந்தக் களத்தில்தான் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பிறந்தது. 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. ஆயினும் மோதல் முற்றிய பிறகு பிரித்து அனுப்புவது எல்லா அலுவலகத்துக்கும் வழியாகாது. ஒரே கூரையின் கீழ் இளையவருக்குத் தனிப் பொறுப்பு தர முடியுமா என்பதே இன்றைய சீனியரின் முன்னுள்ள கேள்வி.

3. இரண்டு சட்டங்கள் ஒரே நாளில்

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் நடைமுறைக்கு வந்தன. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். ஆகவே இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டும் நீதிமன்றத்தில் உயிரோடு இருக்கும்.

அலுவலகத்தில் இது எப்படி வெளிப்படும்? மாலையில் வழக்குக் கட்டை விரித்து வைத்துக்கொண்டு சீனியர், "தம்பி, இதுக்கு ஒரு 482 தயார் பண்ணிருங்க" என்கிறார். பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு. புதியதைப் படித்து வந்த ஜூனியருக்கு அதே எண் முன்ஜாமீன்; ரத்து மனு இப்போது 528. "ரத்து மனுதானே சார்?" என்று ஜூனியர் கேட்கத் தயங்கினால், ஒரு மனு தவறாகத் தயாராகி, ஒரு நாள் வீணாகும். உள்ளே ஒருவர் காவலில் இருந்தால் அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிது! குமாஸ்தாவோ முதல் தகவல் அறிக்கையைத் திருப்பி, "சம்பவம் 2024 மே மாசம் சார்" என்று நினைவூட்டுகிறார். குற்றப் பிரிவு பழைய சட்டத்தில், மனுவின் பிரிவு புதிய சட்டத்தில் என்று ஒரே தாளில் இரண்டும் வரக்கூடும். மூன்று பேரும் பேசினால்தான் தாள் சரியாகும். கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்காத சூழலைச் சீனியர்தான் உண்டாக்க வேண்டும். ஜூனியரால் அதைச் செய்ய இயலாது.

கடல் வழக்குகளிலும் இதே நிலை. 1890-ஆம் ஆண்டுக் காலனிய கடல்சார் நீதிமன்றச் சட்டம் போய், 2017-இல் இயற்றப்பட்ட சட்டம் 2018 ஏப்ரலில் அமலானது. 1856-இன் பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) சட்டத்துக்கும் 2025-இல் மாற்று வந்துவிட்டது. ஆனால் சங்குப் படுகை பற்றிய தகராறு வந்தால், பாக் நீரிணைச் சங்கு வழக்கான ஐ.எல்.ஆர். 27 மெட்ராஸ் 551-ஐ நினைவிலிருந்து சொல்பவர் மூத்தவராகவே இருப்பார். அதைக் கணினியில் எடுத்து, பிற்காலத் தீர்ப்புகளோடு சேர்த்துத் தருவது இளையவரின் பணி.

4. ஊதியமும் வாதிடும் வாய்ப்பும்

2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் ரூ. 20,000, மற்ற ஊர்களில் ரூ. 15,000 குறைந்தபட்ச உதவித்தொகை கிடைக்கத் தமிழ்நாடு–புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. தூத்துக்குடி இரண்டாவது வகை. "நாங்கள் பஸ் காசு இல்லாமல் படித்த தொழில்" என்று சொல்லி இதைத் தட்டிக்கழிப்பது நியாயமன்று. வசதியற்ற வீட்டுப் பிள்ளை, முதல் தலைமுறைப் பட்டதாரி, இந்தத் தொகை இல்லையென்றால் இரண்டாம் ஆண்டே தொழிலை விட்டுவிடுவார்.

பணத்துக்கு அடுத்தது வாய்ப்பு. வாய்தா வாங்க மட்டும் அனுப்பப்படும் ஜூனியர் ஐந்தாண்டு கழித்தும் வாய்தாதான் வாங்குவார். சிறிய வழக்கொன்றில் ஒரு சாட்சியையாவது அவரே குறுக்கு விசாரணை செய்ய, சீனியர் பக்கத்தில் அமர்ந்து குறிப்பெடுக்க வேண்டும். நடுவயது வழக்கறிஞரின் மனக்குறை இதைவிடச் சிக்கலானது: உழைப்பு அவருடையது, கட்சிக்காரர் சீனியருடையவர். கட்டணத்தில் அவருக்கு என்ன பங்கு என்பதை வழக்கை எடுக்கும் அன்றே எழுதிவைத்துவிடலாம்.

5. குமாஸ்தா

உயர்நீதிமன்றத்தின் உதவித்தொகை உத்தரவு குமாஸ்தாவைப் பற்றியது அல்ல. பழைய கையெழுத்துப் பத்திரத்தில் உப்பளத்தின் நான்கெல்லையைப் படித்துச் சொல்பவரும், எந்தக் குடும்பத்தில் யார் வாரிசு என்று அறிந்தவரும் அவரே. அவர் ஓய்வு பெறும் முன், வாரத்தில் ஒரு மாலை ஜூனியரை அவர் அருகில் உட்காரவைத்துப் பழைய பத்திரங்களை வாசிக்கப் பழக்க வேண்டும். அந்த மாலைக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு என்று சீனியர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.