தொழிலாளர் நல உளவியல்: பெரம்பூர் ஆலை முதல் ரமணாசிரமப் பகுதி வரை

வேலை செய்யும் இடமும் வேலை வாங்கும் முறையும் மனிதரின் உடலையும் மனத்தையும் எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய்ந்து, அந்தப் பாதிப்பைத் தடுக்க வழி தேடும் துறை தொழிலாளர் நல உளவியல். பணி நேரம், ஓய்வு, இரவு ஷிப்ட், மேற்பார்வையாளரின் நடத்தை, பாலியல் தொல்லை, களைப்பால் நேரும் விபத்து, தன் வேலையைத் தானே ஒழுங்கு செய்துகொள்ளத் தொழிலாளிக்கு உள்ள உரிமை ஆகியவை இதன் எல்லைக்குள் வரும். திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியில் உளவியல் என்றதும் சிலருக்கு கார்ல் யுங்கின் பெயர் நினைவுக்கு வரலாம். ரமணரைப் பற்றி ஹைன்ரிக் சிம்மர் ஜெர்மன் மொழியில் எழுதி 1944-ல் வெளிவந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் அவர். இங்கே சொல்லப்படும் உளவியல் தியான மண்டபத்தில் பிறந்ததல்ல. டிராம் வண்டியிலும் வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் நூற்பாலையிலும் உருவானது.

தொடக்கம்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹியூகோ மன்ஸ்டர்பர்க், டிராம் ஓட்டுநர்களில் யார் விபத்து செய்யக்கூடியவர் என்று முன்கூட்டியே அறியச் சோதனைகள் வகுத்தார். உளவியலையும் தொழில் திறனையும் பற்றிய அவருடைய நூல் 1913-ல் ஆங்கிலத்தில் வந்தது. வண்டியையும் பணி நேரத்தையும் அப்படியே விட்டுவிட்டு, அதற்குத் தோதான ஆளைத் தேடுவதே அந்த அணுகுமுறை. இத்துறை தொடக்கத்தில் முதலாளியின் கேள்விக்கே விடை தேடியதற்கு இதுவும் ஒரு காரணம். மன்ஸ்டர்பர்கிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தாதான் 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்தியாவின் முதல் உளவியல் துறைக்குப் பொறுப்பேற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943-ல் வந்தது.

யார் தோதான ஆள் என்ற கேள்வியை மாற்றியது முதல் உலகப் போர். குண்டு செய்யும் தொழிற்சாலைகளில் ஆண்களும் பெண்களும் ஓய்வு நாளே இல்லாமல் உழைத்துச் சோர்ந்ததால், பிரிட்டிஷ் அரசு 1915-ல் ஒரு குழு அமைத்தது. வேலை நேரத்தைக் குறைத்தாலும் உற்பத்தி குறையவில்லை, சில இடங்களில் கூடவே செய்தது என்று அந்தக் காலத்து ஆய்வுகள் காட்டின. 1918-ல் தொழிற்களைப்பு ஆராய்ச்சி வாரியம் லண்டனில் அமைந்தது.

அதே 1918-ல் சென்னை பெரம்பூரில், பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் தாங்களே எழுந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விட்ட இடைவேளை போதவில்லை. மேலாளர்கள் ஏசினார்கள், கை நீட்டினார்கள். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். லண்டனில் அறிஞர்கள் அளவெடுத்துக்கொண்டிருந்த களைப்பைப் பெரம்பூர்த் தொழிலாளி கோரிக்கையாக்கி வைத்தார். வசவும் அடியும் வேலையிடத்துக் கேடுகள்தாம் என்று இத்துறை ஏற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. சங்கம் அதை அன்றே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் பெரம்பூரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்துக்கு 48 மணி நேர உச்சவரம்பு, வார விடுமுறை, 5 மணி நேர வேலைக்கு மேல் போகாமல் குறைந்தது அரை மணி இடைவேளை ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலரும் இருக்க வேண்டும் என்றது.

அகமதாபாத் சோதனை

இந்திய மண்ணில் நடந்து உலகப் பாடநூல்களில் ஏறிய ஆய்வு ஒன்று உண்டு. அகமதாபாத் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்த பிறகும் எதிர்பார்த்த அளவு நெசவு வரவில்லை, சேதம் மிகுந்தது. ஆலையின் தலைவர் கௌதம் சாராபாய், லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸை அழைத்தார். 1953-ல் ரைஸ் பார்த்த தறிக்கூடத்தில் 224 தறிகள், 29 தொழிலாளர்கள். நூல் அறுந்தால் கட்ட ஒருவர், கண்டு நிரப்ப ஒருவர், எண்ணெய் விட ஒருவர், கூட்ட ஒருவர் என்று வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் நம்பியிருந்தார்கள். ஆனால் யாரும் யாரோடும் ஒரு குழு அல்ல. ஒரு தறி நின்றால் யாருக்காக யார் ஓட வேண்டும் என்ற குழப்பமே அன்றாடப் பதற்றமாக இருந்தது.

குறிப்பிட்ட தறிகளை ஒரு சிறு குழுவின் பொறுப்பில் விட்டுவிடலாம் என்று ரைஸ் முன்வைத்ததும், தொழிலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, யார் யாரோடு சேர்வது என்று தாங்களே பேசி முடித்தார்கள். தொடக்கத் தடுமாற்றத்துக்குப் பின் நெசவு கூடியது, சேதம் குறைந்தது. யாருக்கும் மனப்பயிற்சி எதுவும் தரப்படவில்லை. மாறியது வேலையின் அமைப்பு. 1970-ல் டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் திரும்பச் சென்று பார்த்தபோது ஒரு கூடத்தில் குழுமுறை நிலைத்திருந்தது. மற்ற இடங்களில் தேய்ந்துபோயிருந்தது. நிர்வாகம் தொடர்ந்து இடம் கொடுத்தால்தான் இத்தகைய மாற்றம் நீடிக்கும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

கோட்பாடுகள்

1979-ல் ராபர்ட் கராசெக் ஒரு விளக்கம் தந்தார். வேலைப் பளு மட்டும் ஆளை முறிப்பதில்லை. பளு மிகுந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைந்தால்தான் உடல் கெடுகிறது. மைக்கேல் மார்மட் உள்ளிட்டோர் பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் நடத்திய ஒயிட்ஹால் ஆய்வுகளும் கீழ்நிலை ஊழியருக்கே இதயநோய் அதிகம் என்று கண்டன. உழைப்புக்கும் அதற்குக் கிடைக்கும் ஊதியம், மதிப்பு ஆகியவற்றுக்கும் உள்ள இடைவெளியே நோய்க்கு வேர் என்று 1996-ல் யோகன்னஸ் சீக்ரிஸ்ட் சொன்னார். பயணிகளிடம் முகம் சுளிக்காமல் சிரித்தே ஆக வேண்டிய விமானப் பணிப்பெண்களை வைத்து, உணர்ச்சியும் ஒரு உழைப்புதான் என்று 1983-ல் ஆர்லி ஹாக்சைல்டு எழுதினார். விடுதி வரவேற்பில் நிற்பவருக்கும் இது பொருந்தும்.

வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் நேர்ந்த பக்கவாதமும் இதயநோயும் 2016-ல் மட்டும் சுமார் 7,45,000 உயிர்களைக் கொண்டுபோயின என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணித்தன.

தமிழ்நாட்டில் அண்மைக்காலம்

துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்யும் பெண்களின் கால் நரம்பு வீக்கமும் முதுகுவலியும் நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. சென்னை ரங்கநாதன் தெருவின் அந்த வாழ்வை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-ல் திரைக்குக் கொண்டுவந்தது. கோழிக்கோட்டுப் பெண்களின் போராட்டத்தால் 2018-ல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அதே உரிமையைத் தந்தது.

2021 தொடக்கத்தில் திண்டுக்கல் அருகே ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் நடத்திய போராட்டத்தின் பயனாக 2022 ஏப்ரலில் அந்தத் தொழிற்சாலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுடன் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தையல் வரிசையிலேயே சக தொழிலாளர்கள் கண்காணிப்பாளராக இருந்து, தொல்லை முற்றும் முன்பே புகாரை எடுத்துச் செல்ல அது வழி செய்தது. ஒப்பந்தத்தை மீறினால் வெளிநாட்டு பிராண்டுகளின் ஆர்டருக்கே ஆபத்து. பயத்தைத் தணிக்கும் வேலையைப் பயப்படுபவரிடமே விடாமல், பயமுறுத்துபவரைத் தடுக்கும் ஏற்பாடு இது. அண்மைக்காலத்தில் தமிழ்நாட்டில் நடந்தவற்றுள் இதையே முதன்மையானதாகக் கருத வேண்டும்.

12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தைத் தமிழகச் சட்டப்பேரவை 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றியது. சங்கங்கள் கொதித்தெழவே மூன்று நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

ரமணாசிரமப் பகுதி

1922-ல் ரமணரின் அன்னை அழகம்மாள் மறைந்து, மலையடிவாரத்தில் அவருடைய சமாதியைச் சுற்றி ஆசிரமம் வளர்ந்தது. விடியும் முன்பே அடுக்களைக்கு வந்து மற்றவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கியவர் ரமணர். பந்தியில் தனக்கென்று தனிக் கவனிப்பை அவர் ஏற்றதில்லை. இன்று அந்த அடிவாரத்தின் செங்கம் சாலை நெடுக விடுதிகள், உணவகங்கள், ஆட்டோ நிறுத்தங்கள், பூக்கடைகள், இளநீர் வண்டிகள். வெளிநாட்டினர் கூடும் குளிர்காலத்தில் வேலை நெரியும்; கோடையில் வருமானம் வற்றும். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் இரவு முழுக்க நடப்பார்கள். ஓட்டலில் இரவெல்லாம் மாவு கரைப்பவர், விடியும் வரை சவாரி ஏற்றுபவர், கூட்டம் கலைந்ததும் அன்னதான எச்சில் தட்டுகளை அள்ளும் தூய்மைப் பணியாளர் ஆகியோரின் தூக்கம்தான் அந்த இரவுக்குக் கொடுக்கப்படும் விலை. இரவு ஷிப்டைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-ல் வகைப்படுத்தியதை இவர்களிடம் சொன்னவர் யார்?

கார்த்திகை தீபத்துக்கு வெளிமாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான காவலர்கள் பந்தோபஸ்துக்கு வருகிறார்கள். காவலருக்கென்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு 2018-ல் ‘காவலர் நிறைவாழ்வு’ பயிற்சியைத் தமிழக அரசு தொடங்கியது. 2021-ல் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வுக்கு அரசாணை வந்தது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் ஓய்வு நாள்தான்.

தியானத்துக்குப் பெயர்போன இந்த ஊரில் இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். மனநிம்மதி வகுப்பு, செயலி, தியானப் பயிற்சி என்று தனிமனிதரை மட்டும் குறிவைத்த திட்டங்களை ஆக்ஸ்போர்டின் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 46,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடையே ஒப்பிட்டு, முடிவுகளை 2024-ல் வெளியிட்டார். அவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. தியானத்தின் மதிப்பை இது குறைக்கவில்லை. தியானம் ஷிப்டுக்கு மாற்றாகாது என்பதே செய்தி.

இப்பகுதியின் பெரும்பாலான வேலையிடங்கள் சிறியவை. தொழிற்சாலைகளுக்கான சட்ட விதிகள் அவற்றைத் தொடுவதில்லை. ஆட்டோ ஓட்டுநர், கட்டடத் தொழிலாளர் நல வாரியங்கள் விபத்து, மரணம், கல்வி, திருமணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை தருகின்றன. அதோடு, உட்காரும் உரிமை செங்கம் சாலையின் கடைகளுக்கும் பொருந்தும். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி, 10 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் விடுதியிலோ வீட்டு வேலையிலோ இருக்கும் பெண், மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில், ஊரின் மறுபுறம் இருக்கிறது; போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும். இதை எண்ணித்தான் போலும், தாலுகா அளவிலும் நகர்ப்புற வார்டு அளவிலும் ஒரு பொறுப்பு அலுவலர் புகாரைப் பெற்று 7 நாளில் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இப்பகுதியின் ஒவ்வொரு விடுதியிலும், பணிப்பெண்கள் துணி மாற்றும் அறைச் சுவரில், தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும்.