கோப், கோபா, கணக்காய்வு

இலங்கையில் “கோப் குழு விசாரணை” என்று செய்தி வந்தால், கோப்புகளைப் புரட்டும் குழு என்று நினைக்கத் தோன்றும். கோபமாகக் கேள்வி கேட்பதால் வந்த பெயர் என்று வேடிக்கையாகவும் சொல்லலாம். இரண்டும் இல்லை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்த ஒலிதான் அது. தமிழ்ப்பெயர் ‘அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு’. அதைச் சொல்லி முடிக்க மூச்சு வேண்டும். கூட்டுத்தாபனங்களையும் நியதிச் சபைகளையும் பார்க்கும் இந்தப் பாராளுமன்றக் குழு 1979இல் வந்தது.

மூத்தது கோபா, ‘அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு’. சட்டசபைக் காலத்தில், 1921இல் பிறந்தது. அமைச்சுகள், திணைக்களங்கள் மட்டுமல்ல, உள்ளூராட்சி மன்றங்களும் அதன் பார்வைக்குள் வரும். ஆகவே இறக்காமம் பிரதேச சபையின் கணக்கையும் அது கேட்கலாம்.

இரண்டுக்கும் அடிப்படை கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை. காசு செலவான பிறகுதான் கேள்வி. அமைச்சின் செயலாளர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். ஆனால் தண்டிக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கலாம், அவ்வளவுதான். பலருக்கு ஏமாற்றம் தருவது இந்த இடம்.

‘கணக்காய்வு’ நம் நாட்டு வழக்கு. தமிழ்நாட்டில் அதையே ‘தணிக்கை’ என்பார்கள். இங்கே தணிக்கை என்றால் பத்திரிகைச் செய்தியை வெட்டுவது. அச்சொல்லைத் ‘தணி’ என்ற வினையோடு சேர்த்துவிட வேண்டாம்: ஆராய்ந்து செப்பனிடுதலைக் குறிக்கும் ‘தன்கீஹ்’ என்ற அரபுச் சொல் உருது வழியாக வந்தது.