ஒரு சிப்பாயின் குடலிலிருந்து

மருத்துவ வரலாற்றை நாம் வெற்றிகளின் வரிசையாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். தணிந்தும் சீறியும் ஆயுள் முழுதும் உடன்வரும் நோய்களின் வரலாற்றை அப்படி எழுத இயலாது. பெருங்குடலின் உட்சுவரில் புண்களை உண்டாக்கி இரத்தப்போக்கைத் தரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அவ்வகையது. 1859இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் அதைப் பதிவுசெய்தார். மருந்தால் முற்றிலும் நீக்கிவிடும் வழி இன்றும் இல்லை. அதனாலேயே நோயாளியின் கண் மருந்துச் சீட்டுக்கு வெளியே, உணவையும் மூலிகையையும் நோக்கிச் செல்கிறது. அந்தத் தேடலை மருத்துவம் எப்படி எதிர்கொண்டது என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

முதல் உலகப் போரின்போது தென்கிழக்கு ஐரோப்பாவில் படைவீரர்கள் வயிற்றுக்கடுப்பால் வீழ்ந்துகொண்டிருந்தனர். அவர்களிடையே ஒரு ஜெர்மானியச் சிப்பாய் மட்டும் நோயின்றி இருந்தார். 1917இல் ஃப்ரைபுர்க் நகரத்து ஆல்ஃப்ரெட் நிஸ்ல, அவருடைய மலத்திலிருந்து ஈ. கோலை நுண்ணுயிரின் ஒரு வகையைப் பிரித்தெடுத்து, வளர்த்து, மருந்தாக்கினார். நல்ல நுண்ணுயிரைக் கொண்டு தீய நுண்ணுயிரை வெல்லலாம் என்பது அவர் எண்ணம். பின்னர் வந்த எதிருயிரி மருந்துகளின் புகழில் அவ்வெண்ணம் நெடுங்காலம் ஓரத்தில் கிடந்தது.

இதற்கிடையே சுவீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்கென உருவாக்கிய சல்ஃபாசலசின், கொலைட்டிஸ் நோயாளிகளுக்கும் நலம் தந்ததை 1942இல் எழுதினார். அம்மருந்தில் குடலுக்கு உதவும் பகுதி மெசலசினே என 1977இல் ஆக்ஸ்ஃபோர்டில் அசாத் கானும் அவருடன் பணியாற்றியோரும் காட்டினர்.

ஆனால் ஒரு மருந்து பயன் தந்ததா, நோய் தானே தணிந்ததா? தானாகவே தணிந்து எழும் நோயில் இது எளிய கேள்வியன்று. ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவும் விட்ஸும் 1955இல் விடைக்கு வழிகாட்டினர். 210 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் கார்டிசோனும் மற்றவர்க்குப் போலி மாத்திரையும் அளித்தனர். ஆறு வாரங்களில் முன்னவருள் நூற்றுக்கு 41 பேருக்கும் பின்னவருள் 16 பேருக்கும் நோய் தணிந்தது.

பிற்காலத்தில் மாற்று வழிகளும் இதே வாயிலில் நிற்க வேண்டியதாயிற்று. நிஸ்லவின் நுண்ணுயிர் 2004இல் 327 நோயாளிகளிடம் மெசலசினோடு ஒப்பிடப்பட்டு, தணிந்த நோய் மீளாது காப்பதில் ஏறத்தாழ அதற்கு இணையாக நின்றது. மஞ்சளின் குர்குமின் 2006இல் ஜப்பானில் 89 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. வழக்கமான மருந்தோடு நாளுக்கு 2 கிராம் குர்குமினும் உண்டவர்களிடம் நோய் மீள்வது குறைந்தது. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வில், மெசலசின் மட்டும் போதாதிருந்த மிதமான சீற்றத்தையும் அது தணித்தது. இவ்விரண்டிலும் எவரும் மருந்தை விட்டுவிட்டு மஞ்சளை நாடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். மஞ்சளில் குர்குமின் நூற்றில் சில பங்கே உண்டு. நம் குழம்பில் இடும் சிட்டிகை அந்த அளவை எட்டாது.

எச்சரிக்கைக்கும் ஒரு கதை உண்டு. நீலச்சாய இலைகளிலிருந்து செய்யப்படும் சீனத்துச் சிங் தாய் தூள் கொலைட்டிஸைத் தணிப்பதை 2018இல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியது. ஆயினும் அத்தூளைத் தாமே வாங்கி உண்ட வேறொருவருக்கு நுரையீரல் தமனிகளில் இரத்த அழுத்தம் உயர்ந்ததாகச் செய்தி வந்ததும், அவ்வாய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. பயன் தரும் பொருளுக்கே தீங்கு செய்யும் ஆற்றலும் இருக்கிறது. மூலிகையென்பதால் அதற்கு விலக்கில்லை.

ட்ரூலவும் விட்ஸும் நமக்கு ஓர் அளவுகோலையும் விட்டுச்சென்றனர். நாளுக்கு ஆறு முறையோ மேலோ இரத்தத்துடன் கழிதல், அத்துடன் காய்ச்சல், நாடி விரைவு, இரத்தச்சோகை ஆகியவை கடும் சீற்றத்தின் அடையாளங்கள். மருத்துவமனைகள் இன்றும் அதைக் கொண்டே அளக்கின்றன. அந்நிலையில் மஞ்சளுக்கும் நுண்ணுயிருக்கும் வேலையில்லை. உடனே மருத்துவமனையை அடைவதே உயிர் காக்கும். சீற்றம் தணிந்த நெடிய மாதங்களில், மருத்துவர் அறிய, மருந்தோடு சேர்ந்து நடக்கவே அவற்றுக்கு இடம் உண்டு.