டிரிப்ஸ் ஏத்தினா தெம்பு வருமா? பாட்டிலுக்குள் என்ன இருக்கு, ஆபத்து எங்கே இருக்கு?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் காய்ச்சல் சீசன் தொடங்கிவிட்டால் கிளினிக்குகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது: "டாக்டர், உடம்பு ரொம்ப அசதியா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்தி விட்ருங்க." உசிலம்பட்டியோ, மேலூரோ, திருமங்கலமோ, பாட்டில் ஏத்தாத டாக்டரை கைராசி இல்லாதவர் என்று சொல்கிறவர்களும் உண்டு. கட்டில் நிறைந்துவிட்டால் பெஞ்சில் படுக்க வைத்து, ஜன்னல் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிடுவதும் நடக்கிறது.

ஆனால் டிரிப்ஸ் டானிக் இல்லை. அது மருந்து. மாத்திரைக்கு எப்படி காரணம், அளவு, நேரம் உண்டோ, இதற்கும் உண்டு. வாய் வழியாகப் போனதில் தப்பு நடந்தால் உடம்பு வாந்தியாவது எடுக்கும். ஊசி வழியாக ரத்தத்தில் கலந்தது சில நொடிகளில் இதயத்துக்குப் போய்விடும். அதைத் திரும்ப எடுக்க வழி இல்லை.

(பேச்சில் 'நரம்பு ஊசி' என்றாலும், ஊசி போவது நரம்பில் இல்லை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரையில்.)

பாட்டிலுக்குள் என்னதான் இருக்கு?

'குளுக்கோஸ் பாட்டில்' என்பது பெரும்பாலும் 5% டெக்ஸ்ட்ரோஸ். 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, மீதி தண்ணீர். அது தரும் சக்தி 100 கலோரிக்கும் குறைவு. அதாவது ரெண்டு இட்லி. மதுரை ஜிகர்தண்டா ஒரு கிளாஸ் குடித்தால் இதைவிட அதிக கலோரி கிடைக்கும்.

'சலைன்' என்பது 0.9% உப்புத் தண்ணீர். 500 மி.லி.யில் 4.5 கிராம் உப்பு. ஒரு பெரியவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகத்தான் உப்பு சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிபி இருப்பவர், இதயம் பலவீனமானவர், கிட்னி பிரச்சினை உள்ளவர் 'சும்மா தெம்புக்கு' ரெண்டு பாட்டில் சலைன் ஏற்றிக்கொண்டால், கிட்டத்தட்ட ரெண்டு நாள் உப்பு சில மணி நேரத்தில் ரத்தத்தில் இறங்குகிறது.

மூன்றாவது 'ஆர்.எல்.' எனப்படும் ரிங்கர் லாக்டேட். இதில் சோடியத்தோடு பொட்டாசியம், கால்சியம், லாக்டேட் சேர்ந்திருக்கும். ஆபரேஷன், பிரசவம், கடுமையான வயிற்றுப்போக்கு போன்றவற்றில் அதிகம் பயன்படுவது இது.

அப்போ ஏற்றிய பிறகு தெம்பு வருவது போல இருக்கிறதே? உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தால் அது ஈடாகும். பாட்டிலோடு போட்ட காய்ச்சல் ஊசி வேலை செய்திருக்கும். ரெண்டு மணி நேரம் படுத்து ஓய்வெடுத்ததும் ஒரு காரணம்தான்.

யாருக்கு உண்மையிலேயே தேவை?

வாய் வழியாக எதுவும் தங்காத அளவு வாந்தி, மயக்கம், கடுமையான நீரிழப்பு, ரத்தப்போக்கு, ஆபரேஷன், ரத்தத்தில் நேரடியாகப் போக வேண்டிய மருந்து. பட்டியல் கிட்டத்தட்ட இவ்வளவுதான். குடிக்க முடிந்தவருக்கு ஓ.ஆர்.எஸ். போதும்.

இதை நிரூபித்தது ஒரு நெருக்கடி. 1971ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் சர்க்கரை, உப்பு கலந்த கரைசலை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்க வைக்கச் சொன்னார். 30% அளவுக்கு இருந்த இறப்பு விகிதம் 4%க்கும் கீழே வந்தது.

டெங்குவில் கவனம் இரட்டிப்பாகத் தேவை. காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியும். அப்போது டிரிப்ஸ் உயிரைக் காப்பாற்றும். ஆனால் ரத்தப் பரிசோதனையில் வரும் பி.சி.வி. அளவு, நாடித்துடிப்பு, பிபி, சிறுநீர் அளவு ஆகியவற்றைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ரெண்டு நாள் கழித்து கசிந்த நீர் தானாக ரத்தத்துக்குத் திரும்பும். அந்த நேரத்திலும் பாட்டில் ஓடிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். இன்னொன்று, டிரிப்ஸ் ஏற்றினால் பிளேட்லெட் கூடாது.

சொட்டு கணக்கு

பாட்டிலின் மேல் எவ்வளவு நேரத்தில் ஏற வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? பல இடங்களில் இருக்காது. "மெதுவா போகட்டும்" என்பது ஓர் அளவு ஆகாது.

கணக்கு கஷ்டமில்லை. பெரியவர்களுக்கான சாதாரண ஐ.வி. செட்டில் பெரும்பாலும் 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. (செட்டின் கவரில் அச்சிட்டிருக்கும்; சில செட்களில் 15). 500 மி.லி. 4 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்றால் மணிக்கு 125 மி.லி. அதை 20ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு சுமார் 42 சொட்டு. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 சொட்டு 1 மி.லி. என்பதால் கணக்கே வேண்டாம்: மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

இந்த வேகத்தைப் பிடித்து வைப்பது டியூபில் உள்ள சின்ன உருளை மட்டும்தான். கை அசைந்தால் வேகம் மாறும். பாட்டிலின் உயரம் மாறினாலும் மாறும். ஸ்ட்ரெச்சர் பின்னாலேயே உறவினர் ஒருவர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடும் காட்சி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மாதிரி பெரிய ஆஸ்பத்திரிகளில் சகஜம். கை வலித்து பாட்டிலைக் கீழே இறக்கினால் ரத்தம் டியூபில் பின்னோக்கி ஏறும். தலைக்கு மேல் தூக்கினால் சொட்டு வேகமாகும். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று உருளையைத் தாங்களே திறந்துவிடுவது இதைவிட மோசம். 70 வயது இதய நோயாளிக்கு 4 மணி நேரத்தில் போக வேண்டியது 30 நிமிடத்தில் போனால், படுக்க முடியாமல் இருமலும் மூச்சுத்திணறலும் வரும். கைக்குழந்தைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் குழந்தைகளுக்கு நடுவில் சின்ன அளவுக் குடுவை வைத்த செட் போடுகிறார்கள். உருளை முழுக்கத் திறந்துகொண்டாலும் அந்தக் குடுவையில் இருப்பது மட்டும்தான் உள்ளே போகும்.

பாட்டில் காலியானதும் காற்று புகுந்து உயிர் போய்விடும் என்ற பயம் பலருக்கு. "சிஸ்டர், பாட்டில் முடியப் போகுது" என்ற அவசரக் குரலுக்குக் காரணம் அதுதான். டியூபில் தெரியும் ஒன்றிரண்டு சின்னக் குமிழி ஆபத்தில்லை. பாட்டில் தீர்ந்தால் பெரும்பாலும் நடப்பது, ரத்தம் பின்னேறி ஊசி அடைத்துக்கொள்வது. கூப்பிடுவது சரிதான், பதறத் தேவையில்லை.

பதற வேண்டிய ஒன்று உண்டு: பொட்டாசியம் குளோரைடு. 10 மி.லி. குப்பியில் வரும், பார்க்க டிஸ்டில்டு வாட்டர் மாதிரியே இருக்கும். நேரடியாக ஊசியில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பாட்டிலில் கலந்து, மெதுவாகத்தான் கொடுக்க வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் அப்படியே குத்தி ஊற்றினால் அது அடியில் தங்கி, முதலில் அதுவே மொத்தமாக இறங்கும். பாட்டிலைக் கழற்றி, பல முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குச் சேர்த்தது என்று லேபிள் ஒட்ட வேண்டும்.

ரத்தம் ஏற்றும்போது: சாத்தூர் விட்டுச்சென்ற பாடம்

மதுரை மக்கள் மறக்காத சம்பவம் இது. 2018 டிசம்பர் 3 அன்று, விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகை இருந்த ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது.

விஷயத்தை முதலில் சொன்னது மருத்துவமனை இல்லை, ரத்தம் கொடுத்த இளைஞர். வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் அவரே ரத்த வங்கிக்குத் தகவல் கொடுத்தார். அதற்குள் ரத்தம் ஏற்றி முடிந்திருந்தது. 2016லேயே அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று கண்டறியப்பட்டும் அவரிடம் தெரிவிக்கப்படவில்லை என்பது பின்னர் வெளியானது. மனமுடைந்த அவர் டிசம்பர் 30 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறந்தார். அதே மருத்துவமனையில்தான் அந்தப் பெண்ணும் சிகிச்சை பெற்று, 2019 ஜனவரியில் பெண் குழந்தை பெற்றார். குழந்தைக்குத் தொற்று இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019ல் அவருக்கு ரூ.25 லட்சம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இந்தத் தவறு நடந்தது ரத்த வங்கியில். படுக்கை அருகில் இருக்கும் குடும்பத்தால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் வேறு சில தவறுகள் படுக்கை அருகிலேயே நடக்கின்றன, முக்கியமாக ஒருவருக்கு வந்த பையை இன்னொருவருக்குப் போடுவது. பையில் உள்ள பெயர், மருத்துவமனை எண், ரத்த வகை, பை எண், காலாவதித் தேதி ஆகியவற்றை ரெண்டு ஊழியர்கள் சேர்ந்து வாசித்து, நோயாளியிடமே பெயரைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். "உங்க பேரு மாரியம்மாள்தானே?" என்று கேட்டால் அரை மயக்கத்தில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். "உங்க பேரு என்ன?" என்றுதான் கேட்க வேண்டும்.

முதல் 15 நிமிடம் நர்ஸ் பக்கத்திலேயே இருந்து பார்ப்பது அவசியம். குளிர் நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல், அரிப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஒரு பை ரத்தம் 4 மணி நேரத்துக்குள் ஏறி முடிந்துவிட வேண்டும். ரத்தம் போகும் டியூபில் வேறு மருந்து சேர்க்கக் கூடாது. ஆர்.எல். பாட்டிலையும் அதில் இணைக்கக் கூடாது, அதிலுள்ள கால்சியம் ரத்தத்தை உறைய வைக்கும்.

பாட்டிலே கெட்டிருந்தால்?

2011ல் ராஜஸ்தானின் ஜோத்பூர் உமைத் மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த பெண்கள் பத்துக்கும் மேற்பட்டோர் அடுத்தடுத்து இறந்தார்கள். சந்தேகம் விழுந்தது குளுக்கோஸ் பாட்டில்கள் மேல். 2024 நவம்பரில் கர்நாடகாவின் பல்லாரியில் சிசேரியன் முடிந்த பெண்கள் இறந்தபோது ஆர்.எல். பாட்டிலின் தரம் கேள்விக்குள்ளானது. அந்த நிறுவனத்தின் பாட்டில்களை மாநில அரசு நிறுத்தி வைத்தது.

இப்படிப்பட்ட கலப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரிகிறவற்றையாவது பார்க்கலாம். வெளிச்சத்தில் பிடித்தால் கலங்கல், தூசி, இழை எதுவும் இருக்கக் கூடாது. அமுக்கினால் கசியக் கூடாது. ஒருவருக்குப் போட்டு மீந்த பாட்டிலை இன்னொருவருக்கு மாட்டவே கூடாது. சொட்டு வேகமாக விழ வேண்டும் என்று பாட்டிலின் மேல்பக்கம் ஒரு ஊசியைக் குத்தி வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த ஓட்டை வழியாக வார்டு காற்றும் கிருமியும் நேராகப் பாட்டிலுக்குள் போகும்.

டிரிப்ஸ் ஓடும்போது திடீரெனக் குளிர் நடுக்கம் வந்தால் பெட்ஷீட் போர்த்திவிட்டு அப்படியே விடுவது பெரிய தப்பு. உருளையை மூடிவிட்டு நர்ஸைக் கூப்பிட வேண்டும். நடுக்கத்துக்குப் பிறகு பாட்டிலையும் டியூபையும் குப்பையில் போட்டுவிட்டால் பேட்ச் எண் போய்விடும், சோதனைக்கும் எதுவும் மிஞ்சாது. மருந்தால் வந்த பாதிப்பை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பொதுமக்களே புகார் செய்யலாம்.

ஆன்டிபயாட்டிக் ஏறும்போது உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்தால் அது அலர்ஜி. அதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அது கையிருப்பில் இல்லாத இடத்தில் பாட்டில் ஏற்றிக்கொள்வது தேவையில்லாத ரிஸ்க்.

கையில் இருக்கும் வென்ஃப்ளான்

பச்சை, பிங்க், நீலம், மஞ்சள் என்று வரும் அந்தப் பிளாஸ்டிக் ஊசியின் நிறம் அழகுக்கு இல்லை, பருமனுக்கு. பச்சை பெரியது, மஞ்சள் குழந்தைகளுக்கான சின்னது. போட்ட தேதியை பிளாஸ்திரியிலேயே எழுதி வைக்க வேண்டும். 3, 4 நாளில் மாற்றுவது பல மருத்துவமனைகளின் வழக்கம். ஆனால் சிவந்து, வீங்கி, தொட்டால் வலித்தால் நாள் கணக்கு பார்க்காமல் எடுத்துவிட வேண்டும். வீங்கிய கையில் "கொஞ்ச நேரம்தான், முடிஞ்சிடும்" என்று தொடர்ந்து ஏற்றினால் மருந்து சதைக்குள் போகும். சில மருந்துகள் அங்கே புண்ணாக்கிவிடும்.

டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு பஸ் ஏறும் அவசரத்தில் வென்ஃப்ளானோடே வீட்டுக்குப் போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி நடந்தால் வீட்டில் யாரும் இழுத்து எடுக்க வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஊசி இருந்த இடம் அடுத்த சில நாட்களில் கயிறு போலத் தடித்தாலோ, சீழ் பிடித்தாலோ, குளிரோடு காய்ச்சல் வந்தாலோ மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். சந்தேகம் கேட்க 104, மூச்சுத்திணறல் என்றால் 108.