மாட்டர்ஹார்ன்

சுவிட்சர்லாந்து–இத்தாலி எல்லையில் 4,478 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் ஆல்ப்ஸ் சிகரம். இத்தாலியர் இதைச் செர்வினோ என்பர். ஆல்ப்சில் இதைவிட உயர்ந்த சிகரங்கள் உண்டு. நான்கு முகங்களுடன் தனித்து நிற்கும் கூரிய வடிவமே இதற்குப் புகழ் தேடித்தந்தது. உச்சிப் பாறைகள் ஒருகாலத்தில் ஆப்பிரிக்கப் பக்கத்து நிலத்தட்டைச் சேர்ந்தவை. அவற்றின் அடியில் கிடப்பது மறைந்துபோன டெத்திஸ் கடலின் தரை.

தொடக்கத்தில் ஏற முயன்றவர்கள் பெரும்பாலும் இத்தாலியப் பக்கத்துத் தென்மேற்கு விளிம்பையே நாடினர். சுவிஸ் பக்கத்துச் செர்மாட் ஊரிலிருந்து பார்த்தால் மலை செங்குத்துச் சுவராகத் தெரிந்ததே காரணம். லண்டனைச் சேர்ந்த மரச்செதுக்கு ஓவியர் எட்வர்டு விம்பரும் அந்த விளிம்பில் பலமுறை தோற்றவர்தான். ஆனால் பாறை அடுக்குகள் இத்தாலியை நோக்கிச் சரிந்திருப்பதை அவர் கவனித்தார். அப்படியானால் சுவிஸ் பக்கத்தில் அவை உள்நோக்கிச் சாய்ந்த படிக்கட்டுகளாக அமையவேண்டும். கண்ணுக்குக் கடினமாகத் தெரிந்த ஹோர்ன்லி விளிம்புதான் எளிய வழி என்று ஆயிற்று.

1865 ஜூலை 14 அன்று ஏழு பேர் அவ்வழியே உச்சியை அடைந்தனர்: விம்பர், பாதிரியார் சார்லஸ் ஹட்சன், அனுபவம் குறைந்த 19 வயது டக்ளஸ் ஹாடோ, பிரான்சிஸ் டக்ளஸ் பிரபு, வழிகாட்டிகளான மிஷேல் குரோ, டாக்வால்டர் தந்தையும் மகனும். இத்தாலியப் பக்கம் ஏறிக்கொண்டிருந்த இத்தாலிய வழிகாட்டி கரெலின் குழு கீழே தெரிந்தது. விம்பர் கற்களை உருட்டிவிட்டுத் தம் வெற்றியை அறிவித்தார்; மரியாதையான அறிவிப்பு என்று சொல்லமுடியாது. திரும்பிப் போன கரெல், மூன்றே நாளில் தம் பக்கத்திலிருந்து ஏறி முடித்தார்.

இறங்கும்போது ஹாடோ வழுக்கிக் குரோவின்மேல் விழ, இருவரும் ஹட்சனையும் டக்ளசையும் இழுத்துச் சென்றனர். டக்ளசுக்கும் மூத்த டாக்வால்டருக்கும் இடையே கயிறு அறுந்தது. நால்வரும் வடமுகத்தின்வழியே விழுந்து மாண்டனர். டக்ளசின் உடல் கிடைக்கவேயில்லை. டாக்வால்டரே கயிற்றை வெட்டினார் என்று வதந்தி எழுந்தது. விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. ஆனாலும் பழி அவரை விடவில்லை. எடுத்துச்சென்ற கயிறுகளில் மிக நலிந்தது அந்த இடத்தில் ஏன் கட்டப்பட்டிருந்தது என்பதுதான் உண்மையில் கேட்கவேண்டிய கேள்வி. அறுந்த துண்டு இன்றும் செர்மாட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

1871இல் லூசி வாக்கர் இதன் உச்சியை எட்டிய முதல் பெண் ஆனார். வடமுகம் 1931 வரை பிடிகொடுக்கவில்லை. மியூனிக்கிலிருந்து சைக்கிளில் வந்த பிரான்ட்ஸ், டோனி ஷ்மிட் சகோதரர்கள் அதை ஏறினர். அதற்காக 1932 ஒலிம்பிக்கில் பதக்கம் அறிவிக்கப்பட்டபோது டோனி வேறொரு மலையில் இறந்துபோயிருந்தார். 1965 குளிர்காலத்தில் இத்தாலியரான வால்ட்டர் பொனாட்டி அதே முகத்தில் புதுவழி ஒன்றைத் தனியாளாக ஏறினார்.

இன்று பெரும்பாலோர் 3,260 மீட்டரிலுள்ள ஹோர்ன்லி குடிலிலிருந்து விடியுமுன் புறப்படுகின்றனர். கடினமான இடங்களில் நிலையான கயிறுகள் உண்டு. பாறைகளைப் பிணைத்திருக்கும் நிலத்தடி உறைபனி உருகுவது புதிய ஆபத்து. 2003 கடுங்கோடையில் ஹோர்ன்லி விளிம்பு சரிந்து, மேலே இருந்தவர்களை ஹெலிகாப்டரில் மீட்கவேண்டியதாயிற்று. அதன்பின் அங்கே கருவிகள் பொருத்திப் பாறை வெடிப்புகளின் அசைவை ஆய்வாளர்கள் அளந்துவருகின்றனர்.